ஒன்பதாவது ஊசி

நம் பள்ளியின் ஆண்டு மலருக்குப் பெற்றோர் சார்பில் ஒரு கட்டுரை வேண்டுமென்று தலைமையாசிரியர் அவர்கள் அன்புடன் பணித்தபொழுது, எதைப் பற்றி எழுதுவதென்று சில நாள் திகைத்திருந்தேன். துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்குப் பெரும்புலமை ஏதும் இல்லை. வழிகாட்டியவன் நான்காம் ஆண்டில் பயிலும் என் மகன்தான். “அந்தத் திரையைப் பற்றி எழுதுங்கள், அப்பா. ஆனால் நடந்ததை எல்லாம் எழுத வேண்டும்” என்றான். ‘எல்லாம்’ என்பதை அவன் அழுத்திச் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கிற்று. ஆகவே எல்லாவற்றையும் எழுதுகின்றேன்.

கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கணினித் திரை இருக்கின்றது. பதினேழு அங்குலத் திரை. இக்காலத் திரைகளைப்போல் அகன்று நீண்டிராமல் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். அதனை 2006-ஆம் ஆண்டில் வாங்கியவர் என் தந்தையார். கிள்ளானுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில், பால்மரங்கள் நின்ற காலத்தில் மரம் வெட்டியவர். பின்னர் செம்பனை வந்ததும் குலை வெட்டியவர். தோட்டம் வீடமைப்புத் திட்டத்திற்குப் போனபொழுது லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியேறினோம். அப்பொழுது கைக்கு வந்த பணத்தில், கூரைக்கும் கடனுக்கும் போக எஞ்சியதைக் கொண்டு என் தங்கைக்கு ஒரு கணினி வாங்கித் தந்தார். தம் வாழ்நாளில் ஒரு விசையைக்கூட அழுத்தியறியாதவர் அவர். எனினும் அத்திரையைத் துடைக்கும் பணியை மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சரஸ்வதி பூசையன்று நூல்களோடு அதனையும் வைத்து, அதன் சட்டத்தின் மூலையில் சந்தனப் பொட்டு ஒன்றும் இடுவார். அந்தக் கறை இன்றும் இருக்கின்றது.

நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ‘முரசு’ மென்பொருளின் வழிவந்ததே ‘முரசு அஞ்சல்’. அதனைக் கொண்டு என் தங்கை முதன்முதலில் தட்டச்சிட்டது எங்கள் தந்தையாரின் பெயரை. அவர் சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு, “இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா?” என்று கேட்டார். திரை நிறையும் அளவிற்கு அவள் பெரிதாக்கினாள். தந்தையார் 2019-ஆம் ஆண்டில் காலமானார். கணினிப் பெட்டி இடையில் ஒரு முறை மாறியது. திரை மட்டும் மாறவில்லை.

சென்ற 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாளோடு ‘விண்டோஸ் 10’ என்னும் இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றதைப் பலர் அறிவீர்கள். எங்கள் பழைய பெட்டியோ ‘விண்டோஸ் 11’-ஐ ஏற்கும் வலுவற்றது. ஆகவே அலுவலகம் ஒன்று கழித்து விற்ற பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அவர்களுக்குப் பழையது, எங்களுக்குப் புதியது. அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தபொழுதுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் திரைக்கு இருந்த ஒரே இணைப்பு வி.ஜி.ஏ. என்பது. பக்கத்திற்கொன்றாக இரண்டு திருகாணிகளோடு, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்குமே, அதுதான். புதிய பெட்டியில் அத்தகைய வாய் ஒன்றுகூட இல்லை. எச்.டி.எம்.ஐ. என்னும் ஒன்றும், டிஸ்ப்ளேபோர்ட் என்னும் ஒன்றுமே இருந்தன.

மறுநாள் நான் வேலைக்குச் சென்றிருந்தபொழுது, எனக்கு உதவும் எண்ணத்துடன் என் மகன் பழைய பெட்டியிலிருந்து வடத்தைக் கழற்றி வைத்திருந்தான். திருகாணிகளைப் பொறுமையாகத் திருகி, வடத்தைச் சுருட்டி, மேசைமேல் ஒழுங்காக வைத்திருந்தான். மாலையில் களைத்து வந்த நான் அதனைக் கையிலெடுத்துப் பார்த்தேன். முனையில் மூன்று வரிசையாகச் சிறு ஊசிகள். நடு வரிசையில் ஓர் ஊசியைக் காணவில்லை! பல் விழுந்த வாய்போல் அவ்விடம் வெறுமையாக இருந்தது.

“ஊசியை உடைத்துவிட்டாயே! தாத்தா வைத்துப்போன பொருளாயிற்றே!” என்று கத்தினேன்.

“நான் உடைக்கவில்லை, அப்பா. கழற்றும்பொழுதே அப்படித்தான் இருந்தது.”

“பொய் சொல்லாதே” என்றேன்.

அச்சொல்லைத்தான் நான் சொல்லியிருக்கக் கூடாது. அவன் மறுமொழி ஏதும் கூறாமல் அறைக்குள் சென்றுவிட்டான். அன்றிரவு அவன் உண்ணவில்லை. என் துணைவியார் மட்டும், “பொய் சொல்லும் பிள்ளையா அவன்?” என்று மெல்லக் கேட்டார். எனக்கோ சினம் தணியவில்லை. உடைந்த வடம் எப்படித்தான் இயங்கும் பார்ப்போம் என்று, மேசைக்கடியில் இருட்டில் குனிந்து, அதனைப் பழைய பெட்டியில் மீண்டும் செருகினேன். எளிதில் நுழையவில்லை. அழுத்தினேன். பிறகு திருப்பிப் பிடித்து அழுத்தியதும் நுழைந்தது. திரையில் படம் வந்தது. ஆனால் வெண்மையாக இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. “பார்த்தாயா, ஊசி போனதால் நிறமும் போயிற்று” என்று மூடிய கதவை நோக்கி உரக்கக் கூறினேன். என் தீர்ப்பிற்குச் சான்று கிடைத்துவிட்டதாக எண்ணம்!

அடுத்த நாள் ஒரு கடைக்குச் சென்றேன். கடையின் பெயர் இங்கு வேண்டா. “இதையெல்லாம் இன்னுமா வைத்திருக்கின்றீர்கள்? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய திரை வாங்குங்கள்” என்றார் விற்பவர். அங்ஙனம் எளிதில் தூக்கிப் போடலாகாது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அக்காலத்துத் தட்டைத் திரைகளுள் பெரும்பாலானவற்றின் பின்னொளிக் குழாய்களில் சிறிதளவு பாதரசம் உண்டு. நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் மின், மின்னணுக் கழிவுகளுக்கென எஸ்.டபிள்யூ. 110 என்னும் தனிக் குறியீடே இருக்கின்றது. குப்பைத் தொட்டி அதற்குரிய இடம் அன்று. நான் விடாமல் கேட்கவே, ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ.யும் மறு முனையில் வி.ஜி.ஏ.யும் உள்ள ஒரு வடத்தைத் தந்தார். பதினைந்து வெள்ளி. இரு முனைகளும் செவ்வனே பொருந்தின. ஆயினும் திரை இருண்டே கிடந்தது. குறிப்பலை இல்லை என்னும் ஆங்கில வாசகம் மட்டும் இங்குமங்கும் மிதந்தது.

பிரிக்பீல்ட்ஸில் பழைய மின்னணுக் கருவிகளைச் செப்பனிடும் பெரியவர் ஒருவர் இருக்கின்றார் என்று என் உடன் பணிபுரிபவர் கூறினார். தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரையைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பழைய வடத்தோடும் புதிய வடத்தோடும் கிள்ளான் நிலையத்தில் இரயிலேறினோம். மகனும் உடன் வந்தான். வருகின்றாயா என்று நான் கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்திருந்தான். கே.எல். சென்ட்ரல் சென்று சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் அவன் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

பிரிக்பீல்ட்ஸ் என்றாலே செங்கற்களம் என்பதுதான் பொருள். 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், அத்தாப்புக் கூரைகளை விடுத்துச் செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைக் கட்டத் தொடங்கினர். அதற்கான சூளைகள் இருந்த இடம் இது. அங்கே நாங்கள் நடந்த சாலை துன் சம்பந்தன் பெயரைத் தாங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், பாட்டாளிகள் தாமே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். என் தந்தையாரும் அதில் பங்குதாரராக இருந்தவர். இதனை மகனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடுபள்ளமான கற்கள் பதித்திருந்தனர். பார்வையற்றோர் காலால் தடவி வழியறிவதற்கு அவை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கின்றது. திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருளின் துணையால், திரையைக் காணாமலேயே கணினியில் பணியாற்றுவோர் இன்று பலர். ஒரு திரையை மடியில் சுமந்துகொண்டு அவ்வழியே சென்ற எனக்கு அது நினைவிற்கு வந்தது.

பெரியவரின் பணியிடம் ஒரு கடையின் பின்கட்டில் இருந்தது. நாங்கள் கொண்டுவந்தவற்றை மேசையில் வைத்து, நடந்ததைக் கூறினேன். “பையன் ஓர் ஊசியை உடைத்துவிட்டான், ஐயா” என்று தொடங்கினேன். அவர் வடத்தின் முனையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்றும் கூறாமல், இழுப்பறையைத் திறந்து மூன்று பழைய வடங்களை எடுத்து என் மகன் முன் வைத்தார்.

“எண்ணிச் சொல் பார்ப்போம், தம்பி.”

அவன் முதல் வடத்தை எண்ணினான். மேல் வரிசையில் ஐந்து. நடு வரிசையில் நான்கு. கீழ் வரிசையில் ஐந்து. இரண்டாவதிலும் அவ்வாறே. மூன்றாவதிலும் அவ்வாறே. மூன்றிலும் ஒரே இடம் வெறுமையாக இருந்தது. எங்கள் வடத்திலும் அதே இடந்தான்.

“ஒன்பதாவது ஊசி” என்றார் பெரியவர். “அதனை எவரும் உடைக்கவில்லை. செய்தவர்களே அங்கே ஊசி வைக்கவில்லை.”

வி.ஜி.ஏ. என்னும் இம்முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பதினைந்து இடங்கள் கொண்ட அவ்விணைப்பில், தவறான வடத்தைச் செருகிவிடாதிருக்கும் அடையாளமாக ஒன்பதாம் இடத்தை வெறுமையாகவே விட்டனர். பின்னாளில் அவ்விடத்தின் வழியே ஐந்து வோல்ட்டு மின்சாரம் அனுப்பும் வழக்கமும் வந்தது. அதனால் சில வடங்களில் அவ்வூசி இருக்கும், பலவற்றில் இருப்பதில்லை. இல்லாவிடினும் படத்திற்குக் குறைவில்லை.

“அப்படியானால் மஞ்சள் நிறம் ஏன் வந்தது?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை மகனிடம் தந்தார். மேல் வரிசையில் முதல் ஊசி சிவப்பைக் கொண்டுசெல்வது, இரண்டாவது பச்சையை, மூன்றாவது நீலத்தை. எங்கள் வடத்தில் மூன்றாவது ஊசி ஒருபுறமாகச் சாய்ந்து மடங்கியிருந்தது. ஓவிய வகுப்பில் சிவப்பு வண்ணத்தையும் பச்சை வண்ணத்தையும் குழைத்தால் மண்ணிறம்போல் ஒன்று வரும் என்பதை மாணவர்கள் அறிவர். ஒளியின் கணக்கு வேறு. சிவப்பொளியும் பச்சையொளியும் கலந்தால் மஞ்சள். அவற்றோடு நீலமும் கலந்தால் வெண்மை. நீலம் வந்து சேராததால் எங்கள் வெண்மை மஞ்சளாயிற்று.

“இதைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தியிருக்கின்றார்கள். யார் செருகியது?” என்று கேட்டார் பெரியவர்.

மகன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான்தான், ஐயா” என்றேன்.

பெரியவர் மேற்கொண்டு ஏதும் கேட்கவில்லை. அவர் பண்பு அது. “ஈயக்குச்சி தள்ளும் பென்சில் யாரிடமாவது உண்டா?” என்றார். மகன் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தான். குச்சியை வெளியே எடுத்துவிட்டால் அதன் கூரிய நுனி ஒரு மெல்லிய குழாய்தானே? அக்குழாயை மடங்கிய ஊசியின்மேல் மாட்டி, மெல்ல மெல்ல நிமிர்த்துமாறு அவனிடமே கூறினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் நிமிர்த்தினான். ஊசி முறியவில்லை.

அடுத்து, பதினைந்து வெள்ளி வடத்தின் கதை. இரு முனைகளும் பொருந்தியும் படம் ஏன் வரவில்லை என்று மகன் கேட்டான். அன்று அவன் வாய்திறந்து கேட்ட முதற்கேள்வி அது. பெரியவர் சொன்ன விளக்கத்தை நான் மறக்கமாட்டேன்.

“உன் கொள்ளுப்பாட்டிக்கு எழுத்துத் தெரியுமா?”

“தெரியாது” என்று நான் மறுமொழி கூறினேன். தோட்டத்தில் அக்காலத்தில் பலருக்கும் தெரியாது.

“ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்வார்?”

“யாராவது படித்துக் காட்டுவார்கள்.”

“அதுதான் இங்கும். புதிய கணினி கடிதம் எழுதுகின்றது. எல்லாவற்றையும் சுழி, ஒன்று என்னும் இரண்டே குறிகளால் எழுதி அனுப்புகின்றது. உங்கள் பழைய வடம் ஏற்பதோ குரலை மட்டுமே. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்பதைச் சுழியிலிருந்து ஏறத்தாழ 0.7 வோல்ட்டு வரை ஏறியிறங்கும் மின்னழுத்தமாகவே அது பெறும். குரல் ஓங்கினால் ஒளி கூடும். தாழ்ந்தால் ஒளி குறையும். நீங்கள் வாங்கிய வடம் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர். கடிதம் வந்தது, பாட்டி கையில் வைத்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்ட ஆள் இல்லை.”

படித்துக் காட்டும் ஆள்தான் மாற்றி என்னும் சிறு கருவி. கடையில் அடாப்டர் என்பார்கள். அதனுள் ஒரு சில்லு இருந்து எண்களை மின்னழுத்தமாக மாற்றித் தருகின்றது. எங்கள் புதிய பெட்டிக்கு எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றுவது வேண்டும், வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது உதவாது. இரண்டும் உருவில் ஒத்திருக்கும். ஆனால் இது ஒருவழிப் பாதை. வாங்குவோர் உறையிலுள்ள எழுத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். சில மாற்றிகளுக்குத் தனியே மின்சாரம் ஊட்டும் சிறு வடமும் தேவைப்படும். மேலும், வி.ஜி.ஏ. வழியே ஒலி செல்லாது. ஒலிபெருக்கியைக் கணினியிலேயே இணைக்க வேண்டும். பெரியவரிடமே ஒரு மாற்றி இருந்தது. இருபத்தைந்து வெள்ளி பெற்றுக்கொண்டார். ஊசி நிமிர்த்தியதற்குக் கூலி கேட்டேன். “வேலை செய்தவன் அவன். அவனிடம் கேளுங்கள்” என்றார்.

புதிய கணினிகள் ஏன் இந்தப் பழைய வாயை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் குறைபட்டுக்கொண்டேன். எச்.டி.எம்.ஐ.யின் முதல் வரையறை 2002-ஆம் ஆண்டிலும், டிஸ்ப்ளேபோர்ட் 2006-ஆம் ஆண்டிலும் வந்துவிட்டன. இன்டெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள் 2015-ஆம் ஆண்டிற்குள் வி.ஜி.ஏ.யைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக 2010-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிலேயே அறிவித்திருந்தன. அறிவிப்பு உலகிற்கு வந்தது. எங்கள் கூடத்திற்கு வந்து சேரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின!

திரும்பும் வழியில், சுபாங் ஜெயா கடந்தபின் என்று நினைக்கின்றேன், மகனிடம் கூறினேன்: “தம்பி, நீ பொய் சொல்லவில்லை. நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.” என் தந்தையார் என்னிடம் அப்படி ஒரு சொல் சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே எப்படிச் சொல்வதென்று எனக்குப் பழக்கமில்லை. அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “அடுத்த முறை எண்ணிப் பாருங்கள், அப்பா” என்றான். ஊசியை எண்ணச் சொன்னானா, சிந்தித்துப் பார்க்கச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் இணைத்ததும் படம் வந்தது. ஆயினும் எழுத்துகள் மங்கி, முகங்கள் இழுத்துவைத்தாற்போல் இருந்தன. புதிய கணினி அகன்ற திரைக்குரிய அளவில் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. அமைப்புப் பகுதிக்குச் சென்று, குறுக்கே 1280, நெடுக்கே 1024 என்னும் அளவைத் தேர்ந்து, நொடிக்கு 60 முறை என்று வைத்தோம். பதினேழு அங்குலச் சதுரத் திரைகளுள் பெரும்பாலானவற்றிற்கு உரிய அளவு அதுவே. பின்னர் திரையின் கீழே தானே சரிசெய்துகொள்ளும் பொத்தான் ஒன்று இருக்கின்றதல்லவா, அதனை அழுத்தினோம். படம் ஒரு நொடி நடுங்கி நின்றது. எழுத்துகள் கூர்மையாயின. வெண்மை வெண்மையாகவே இருந்தது. மாணவர்களுக்கு ஒரு சொல்: இணைப்புகளைத் தொடுமுன் இரண்டு கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள். திரையின் பின்புறத்தை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே ஊறு செய்யக்கூடிய உயர் மின்னழுத்தம் உண்டு.

மகன் அன்று தட்டச்சிட்ட முதற்சொல் தன் தாத்தாவின் பெயர். என் தங்கை செய்ததை அவனுக்கு யார் கூறினார்களோ தெரியாது, நான் கூறவில்லை. திரை நிறையப் பெரிதாக்கிவிட்டு, ஒரு துணியை எடுத்துவந்து, சந்தனப் பொட்டின்மேல் படாமல் சுற்றிலும் துடைத்தான்.

பயன்படாத பதினைந்து வெள்ளி வடத்தை அவன் எறியவில்லை. மேசைமேலேயே வைத்திருக்கின்றான். அதிலும் ஒன்பதாவது ஊசி இல்லை. வீட்டிற்கு வரும் நண்பர்களிடம் அதனைக் கொடுத்து, “இது எப்படி இருக்கின்றது, சொல்” என்று கேட்பது இப்பொழுது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. இதுவரை மூவர், “ஐயோ, ஓர் ஊசி உடைந்துவிட்டதே! யார் உடைத்தது?” என்று கேட்டிருக்கின்றனர். மூன்று முறையும் அவன் அவர்களுக்கு மறுமொழி கூறுமுன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.